கடைமடைக்கும் காற்று

கால் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. உடலைத் தாங்கும் உறுப்பும் கால். நான்கில் ஒரு பங்கும் கால். நீரைக் கொண்டுசெல்லும் வழியும் கால். வாய்க்கால் என்னும் சொல்லில் அமைந்திருப்பது இப்பொருளே. இவையன்றிக் காற்றுக்கும் கால் என்பது பழம்பெயர். சாளரத்தைப் பண்டையோர் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. நீர் ஓடும் வழிக்கும் வீசும் காற்றுக்கும் ஒரே பெயர் அமைந்தது எதனால் என்று ஆராய்வது எம்போன்ற தமிழாசிரியர்க்கு உவப்பான வேலை. அதனை இங்கே மேற்கொள்ளப் போவதில்லை. ஆயினும் இவ்விரண்டனுக்கும் உள்ள உறவு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. தொழிற்சாலைகளில் தூசியையும் புகையையும் வெளியேற்றுவதற்கு அமைக்கப்பெறும் காற்றுக் குழாய்கள் வாய்க்கால்களைப் போலவே கிளைக்கின்றன. வாய்க்கால்களில் எழும் வழக்கே அவற்றிலும் எழுகின்றது. தலைமடைக்கு மிகுதியும் கடைமடைக்குக் குறைவுமாகப் போய்ச் சேரும் அவ்வழக்கைத் தீர்ப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கோயம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், நீர் இறைக்கும் பம்புகளுக்கும் பிற இயந்திரங்களுக்கும் வேண்டிய இரும்பு உறுப்புகளை வார்க்கும் சாலைகள் பல உள்ளன. தொழிலாளர் இவற்றைப் 'பவுண்டரி' என்றே வழங்குவர். மணலால் அச்சமைத்து, உருக்கிய இரும்பை அதனுள் வார்ப்பர். ஆறிய பின்னர் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுப்பர். அதன்மேல் கருகிய மணல் ஒட்டியிருக்கும். ஓரங்களில் பிசிறுகள் நீண்டிருக்கும். விரைந்து சுழலும் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்து இவற்றைப் போக்குவர். அப்பொழுது தீப்பொறிகள் பூச்சொரிவது போலச் சிதறும். பார்ப்பவர் அப்பொறியையே கண்டு அஞ்சுவர். உண்மையில் அஞ்சத்தக்கது பொறியன்று. கண்ணுக்குப் புலனாகாது பறக்கும் நுண்தூசியேயாகும்.

மணலின் பெரும்பகுதி சிலிக்கா என்னும் பொருள். அது பொடியாகும்போது பருந்தூசி விரைவில் தரையில் விழுந்துவிடும். மூக்கினுள் புகுந்தாலும் அங்குள்ள மயிரும் சளியும் அதனைத் தடுத்து நிறுத்தும். ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த நுண்தூசியோ அத்தடைகளைக் கடந்து நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறைகளை அடைந்துவிடும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து மைக்ரான் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கினும் சிறிது. அங்கே தங்கிய தூசி கரைவதில்லை. அதனைச் சூழ்ந்து தழும்பு தோன்றும். நாளடைவில் நுரையீரல் இறுகி, விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கும். இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இறுகிய நுரையீரலை மீண்டும் இளக்குவதற்கு மருந்தில்லை. காசநோயும் இவர்களை எளிதிற் பற்றும்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இத்தாலிய நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி 1700ஆம் ஆண்டிலேயே ஒரு நூலாக எழுதினார். நோயாளியிடம் கேட்கும் வினாக்களுள் 'நீ செய்யும் தொழில் யாது' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர்க்கு அறிவுறுத்தியவர் அவர். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசி தோன்றும் இடத்திற்கு இயன்ற அளவு அருகிலேயே அதனை உறிஞ்சும் கருவியை அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. 'இயன்ற அளவு அருகில்' என்பதன் நுட்பத்தை நீங்களே சோதித்து அறியலாம். உள்ளங்கையை வாய்க்கு ஒரு முழத் தொலைவில் நீட்டி ஊதிப் பாருங்கள். காற்றுப் படுவது தெரியும். அக்கையை அங்கேயே வைத்துக்கொண்டு மூச்சை வாயால் உள்ளே இழுங்கள், ஒன்றும் தெரியாது. ஊதிய காற்று ஒரே திசையில் நெடுந்தொலைவு செல்லும். இழுக்கப்படும் காற்றோ நாற்புறத்திலிருந்தும் வந்து கூடுவதால், திறந்த குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவே விலகினாலும் வேகம் பத்தில் ஒரு பங்கினும் குறைந்துவிடும். விளக்கை ஊதி அணைத்தவர் உண்டு. உறிஞ்சி அணைத்தவரை யாம் கண்டதில்லை.

ஆகவே ஒவ்வொரு சாணைக்கல்லையும் ஒட்டி ஓர் உறிஞ்சுவாய் அமைப்பர்; 'ஹூட்' என்று தொழிலாளர் கூறுவது இதுவே. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கிளைக்குழாய் புறப்படும். கிளைகள் கூடிப் பெருங்குழாயாகும். பெருங்குழாய் ஒரு வடிகட்டியிற் சென்று சேரும். அங்கே துணிப்பைகள் தூசியைத் தடுத்து வைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் இருப்பது விசிறி. அஃது ஒன்றே அனைத்து வாய்களுக்கும் வேண்டிய இழுவையைத் தருவது.

இங்கேதான் வாய்க்கால் வழக்குத் தொடங்குகிறது. ஏரியில் மதகைத் திறந்தால் நீர் யார் வயலுக்குச் செல்லும்? மதகையொட்டிய தலைமடை வயலுக்கு முதலிற் செல்லும். கடைமடையான் வரப்பில் மண்வெட்டியோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். தலைமடையான் தீயவன் என்பது இதற்குக் காரணமன்று. நீருக்கு எளிய வழி எதுவோ அவ்வழியில் அது செல்கிறது. குழாய்த் தொகுதியில் ஏரியின் இடத்தில் இருப்பது விசிறி. ஓட்டத்தின் திசை மட்டும் எதிர்மாறு. விசிறிக்கு அருகிலுள்ள கிளை குறுகியது, வளைவு குறைந்தது. ஆதலால் காற்றுக்கு அங்கே தடை குறைவு. தொலைவிலுள்ள கிளையோ நீண்டது, வளைவு மிகுந்தது. அங்கே தடை மிகுதி. தடை குறைந்த வழியே காற்று மிகுதியாகப் பாயும்.

எண்களைக் கொண்டு இதனை விளக்குவோம். பத்துச் சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு கிளைகள் விசிறிக்கு முன்னால் ஓரிடத்தில் கூடுகின்றன என்று கொள்க. ஒவ்வொன்றிலும் நிமிடத்திற்கு 10 கனமீட்டர் காற்றுச் செல்ல வேண்டும். அவ்வளவு காற்றை இழுக்க, அருகிலுள்ள கிளைக்கு 60 மில்லிமீட்டர் நீர்மட்ட இழுவை போதும். தொலைவிலுள்ள கிளைக்கு 135 மில்லிமீட்டர் வேண்டும். நீர்மட்ட இழுவை என்பது யாதெனில், ப என்னும் எழுத்தின் வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயில் பாதியளவு நீர் ஊற்றி, அதன் ஒரு முனையைக் காற்றுக் குழாயின் பக்கத்திலுள்ள சிறு துளையோடு இணைத்தால், அப்பக்கத்து நீர் மேலேறும். மறுபக்கத்து நீர் கீழிறங்கும். இரு மட்டங்களுக்கும் இடையேயுள்ள உயரமே அவ்விடத்து இழுவையின் அளவு. பள்ளிக்கூட ஆய்வுச்சாலையிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

இரு கிளைகளும் கூடுமிடத்தில் இழுவை ஒன்றே இருக்க முடியும். ஒரே இடத்தில் இருவேறு இழுவைகள் இரா. மேலும், காற்று இருமடங்கானால் தடை இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். இவ்விரு விதிகளையும் வைத்துக் கணக்கிட்டால், விசிறி மொத்தம் 20 கனமீட்டரை இழுக்கும்போது அருகிலுள்ள கிளைக்கு 12 கனமீட்டரும் தொலைவிலுள்ள கிளைக்கு 8 கனமீட்டரும் செல்லும். இருவருக்கும் பொதுவான இழுவை 86 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கும். மொத்தக் கணக்கில் பிழை இராது. விசிறியின் வாயில் அளந்து பார்க்கும் மேற்பார்வையாளர் 20 கனமீட்டர் உள்ளது என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போவார். கடைசிக் கல்லின் முன் நிற்பவர் தூசியை உண்டுகொண்டிருப்பார்.

கடைசிக் கல்லில் தூசி நிற்கிறது என்று முறையீடு வந்தால், விசிறியை விரைவாகச் சுழற்றுவோம் என்பதே பலர்க்கும் முதலில் தோன்றும் வழி. கடைமடைக்கு நீர் சேரவில்லையா, மதகை இன்னும் திறந்துவிடு என்பது போன்றது இது. விசிறியின் வேகத்தைக் கால் பங்கு உயர்த்தினால் தொலைவுக் கிளைக்கு 10 கனமீட்டர் கிடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் அருகிலுள்ள கிளை 15 கனமீட்டரை வாரிக்கொள்ளும். மின்சாரச் செலவோ வேகத்தின் மும்மடிப் பெருக்கம் போல் உயர்வது. கால் பங்கு வேகத்திற்கு ஏறத்தாழ இருமடங்கு மின்சாரம் செலவாகும். அருகிலுள்ள கிளையில் ஓர் அடைப்புத் தகட்டைத் தாழ்த்தி அதன் தடையையும் 135க்கு உயர்த்தினால், இரு கிளைக்கும் பத்துப் பத்தாகப் பிரிந்துவிடும். அப்பொழுதும் விசிறி 135 மில்லிமீட்டர் இழுவையைத் தந்தேயாக வேண்டும்; ஆதலால் மின்சாரம் முன்னையினும் கூடவே செய்யும். ஆயினும் 25 கனமீட்டரை இழுக்க வேண்டிய இடத்தில் 20 கனமீட்டர் போதும். வேண்டாத காற்றை இழுத்து, வடிகட்டி, வெளியே தள்ளும் செலவு மிச்சமாகும்.

பங்கு குறைவதால் வரும் கேடு உறிஞ்சுவாயோடு முடிவதில்லை. பத்துச் சென்டிமீட்டர்க் குழாயில் நிமிடத்திற்கு 10 கனமீட்டர் காற்றுச் செல்லும்போது அதன் வேகம் நொடிக்கு 21 மீட்டர். சாணைத் தூசியைத் தரையில் படியவிடாமல் ஏந்திச் செல்வதற்கு நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வரை வேகம் வேண்டும். 8 கனமீட்டராகக் குறைந்த கிளையில் வேகம் 17 மீட்டரே. வெள்ளம் வடியும்போது வண்டல் படிவது போல, தூசி குழாயின் அடியிற் படியத் தொடங்கும். படிந்த தூசி வழியைக் குறுக்கும். குறுகிய வழியில் தடை ஏறும். தடை ஏறவே காற்று இன்னும் குறையும். காற்றுக் குறையவே தூசி இன்னும் படியும். ஒருநாள் அக்குழாய் முற்றிலும் அடைபட்டுப்போகும். மறுபுறத்தில், 12 கனமீட்டர் பெறும் கிளையில் தூசி நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, வளைவுகளின் புறச்சுவரைத் தேய்த்து ஓட்டையாக்கும். பெற்றவனுக்கும் நன்மையில்லை என்க.

படியும் தூசி எரியக்கூடியதாயின் விளைவு கொடிது. மாவு, சர்க்கரை, மரத்தூள், அலுமினியப் பொடி முதலியன காற்றில் மிதக்கும்போது பொறி பட்டால் வெடிக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரிலுள்ள சர்க்கரை ஆலையில் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அத்தகைய வெடிப்பு நேர்ந்தது. பதினால்வர் உயிரிழந்தனர். அந்நாட்டு இரசாயனப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2009இல் அறிக்கை வெளியிட்டது. சர்க்கரையைச் சுமந்து செல்லும் நாடாவைச் சுற்றி அதற்கு முன்னைய ஆண்டில் மூடு தகடுகள் பொருத்தியிருந்தனர். அவ்வறைக்குள் திரளும் தூசியை உறிஞ்சி நீக்க வழி செய்யவில்லை. சூடேறிய தாங்குருளை ஒன்று அங்கே பொறியாக அமைந்திருக்கலாம் என்று வாரியம் கருதியது. முதல் வெடிப்பின் அதிர்ச்சியால் தரையிலும் உத்திரங்களிலும் படிந்திருந்த தூசி மேலெழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக் கட்டடத்தை அழித்தது. ஆலையின் தூசி உறிஞ்சும் குழாய்களுள் சில சர்க்கரைத் தூளால் அடைபட்டிருந்தன என்பதும், அமைப்பே தேவைக்குச் சிறியது என்பதும் அவ்வறிக்கையால் தெரிய வந்தன.

காற்றைப் பங்கிடுவதற்கு இரு முறைகள் உண்டு. முதலாவது, கட்டும்போதே கணக்கிட்டுக் கட்டுதல். கிளைகள் கூடும் ஒவ்வோரிடத்திலும் இரு பக்கத்துத் தடைகளும் ஒத்திருக்குமாறு குழாய்களின் விட்டத்தைத் தேர்ந்தெடுப்பர். மேற்கூறிய அருகிலுள்ள கிளையின் விட்டத்தில் ஒன்றரைச் சென்டிமீட்டர் குறைத்தாலே அதன் தடை ஏறத்தாழ இருமடங்காகிவிடும். இதற்குப் பொறுமையான கணக்கு வேண்டும். கட்டி முடித்தபின் புதிய சாணைக்கல் ஒன்றைச் சேர்க்க விரும்பினால் கணக்கைத் திரும்பவும் போட வேண்டும். ஆயினும் ஒருவரும் கைவைத்துக் கெடுக்க முடியாது என்னும் சிறப்பு இதற்கு உண்டு. வெடிக்கும் தூசியும் நச்சுத் தூசியும் உள்ள இடங்களில் இதனையே விரும்புவர். இரண்டாவது, கிளைதோறும் அடைப்புத் தகடு அமைத்துப் பின்னர்ச் சரிசெய்தல். கட்டுவதற்கு எளிது, மாற்றுவதற்கும் எளிது. எளிதாக மாற்றலாம் என்பதே இதன் குறையும் ஆகும்.

எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் பொறியாளராகி இவ்வேலையில் ஈடுபட்டுள்ளார். ஒருமுறை அவரோடு ஒரு வார்ப்படச் சாலைக்குச் சென்றிருந்தேம். ஆறு சாணைக்கற்கள் வரிசையாக இருந்தன. அவர் அளவுகருவி எதனையும் எடுக்கவில்லை. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வோர் உறிஞ்சுவாயின் முன்னும் பிடித்துக்கொண்டே போனார். முதற் கல்லில் புகை நூல் இழுத்தாற்போல் உள்ளே ஓடிற்று. நான்காவதில் தயங்கித் தயங்கிச் சென்றது. ஆறாவதில் நேரே மேலெழுந்தது. அங்கு நின்ற தொழிலாளர் ஈரத்துண்டால் மூக்கைக் கட்டியிருந்தார். பொறியாளர் முதற் கல்லுக்குத் திரும்பிவந்து, "அண்ணா, இத்தகட்டை யார் திறந்தது?" என்று வினவினார். "நான்தான் தம்பி. நன்றாக இழுக்கட்டும் என்று முழுவதும் திறந்துவிட்டேன்" என்றார் அங்கிருந்தவர். அவர் சொல்லில் மறைப்பு ஒன்றுமில்லை. தம் கல்லின் தகட்டிற்கும் ஐந்து கல் தள்ளி நிற்பவரின் மூச்சுக்கும் தொடர்புண்டு என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. "குழாயின் வெளிப்புறத்தில் ஒன்றும் தெரிவதில்லை, ஐயா. வாய்க்காலில் நீர் குறைந்தால் ஊரே பார்க்கும்; இங்கே பார்ப்பதற்கு வத்திப்புகைதான்" என்று அப்பொறியாளர் எம்மிடம் கூறினார்.

அன்று அவர் தகடுகளைச் சரிசெய்த முறையை இங்கே கூறுதல் தகும். முதலில் எல்லாத் தகடுகளையும் முழுதும் திறந்தார். ஒவ்வொரு கிளையிலும் செல்லும் காற்றை அளந்து, அதற்கு உரிய பங்கோடு ஒப்பிட்டார். பங்கு மிகக் குறைந்த கிளையின் தகட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டார். அதனைத் தொடுதல் கூடாது. மிகுதியாகப் பெறும் கிளையின் தகட்டைச் சிறிது தாழ்த்தினார். உடனே மற்ற ஐந்திலும் அளவுகள் மாறின. மிருதங்கத்திற்குச் சுருதி கூட்டுவோர் ஓரிடத்தில் தட்டினால் மற்றோரிடத்திலும் ஒலி மாறும். அதனால் அவர்கள் வட்டமாகத் திரும்பத் திரும்பத் தட்டி வருவர். அவ்வாறே இவரும் மும்முறை வரிசையைச் சுற்றிவந்தார். அளவுகள் ஒத்து நின்றபின் ஒவ்வொரு தகட்டின் நிலையையும் வண்ணக்கோட்டால் குறித்து, திருகாணியால் இறுக்கிப் பூட்டினார். பூட்டுவதற்கு முன் தொழிலாளர் அறுவரையும் அழைத்துப் புகை செல்வதைக் காட்டவும் தவறவில்லை. பூட்டைவிட அதுவே பயன்பட்டிருக்கும் என்பது எம் கருத்து.

வெளியேற்றும் அளவுக்கு ஈடாக உள்ளே காற்று வருவதற்கு வழி இருத்தலும் வேண்டும். கதவும் சாளரமும் அடைத்த கூடத்தில் எவ்வளவு பெரிய விசிறியும் திணறும். திறந்த கொட்டகைகளில் இக்கவலை இல்லை. குளிரூட்டிய கூடங்களில் உண்டு.

சரிசெய்த அன்றே ஒவ்வோர் உறிஞ்சுவாயையும் அடுத்த கிளைக்குழாயில், முன்னர்க் கூறிய ப வடிவக் கருவியால் இழுவையை அளந்து எழுதி வைப்பர். பின்னாளில் நோய் எங்கே என்று காட்டுவது அவ்வேடுதான். 36 மில்லிமீட்டர் காட்டிய இடத்தில் 25 காட்டுகிறது என்க. 36இன் வர்க்கமூலம் 6. 25இன் வர்க்கமூலம் 5. ஆகவே அவ்வாயில் நுழையும் காற்று ஆறில் ஐந்து பங்காகக் குறைந்துள்ளது. எல்லா வாய்களிலும் இவ்வாறு குறைந்திருந்தால் விசிறியின் வார் தளர்ந்திருக்கலாம். அல்லது வடிகட்டியின் பைகளில் தூசி அப்பியிருக்கலாம். ஒரு வாயில் மட்டும் குறைந்திருந்தால், அளந்த இடத்திற்கும் விசிறிக்கும் இடையே அக்கிளையில் அடைப்பு உண்டு. சில வேளைகளில் இழுவை 36க்கு மேல் ஏறியிருக்கும். ஆயினும் கல்லின் முன்னால் தூசி நிற்கும். அப்பொழுது குழாயைக் கழற்ற வேண்டுவதில்லை. குனிந்து உறிஞ்சுவாயினுள் நோக்கினால் பிசிறோ கந்தைத்துணியோ அதனை அடைத்துக்கொண்டிருப்பது தெரியும்.